இடுக்கில்லாத வீடு

கூரைக்குள்ளிருந்து கொழுந்தன் மெர்வ் இறக்கிக் கொடுத்த முதல் மூட்டையை நோலீன் ஏணியடியில் நின்று வாங்கியபோது, அதன் அடியிலிருந்து ஏதோ ஈரம் அவள் முழங்கை வரை வழிந்தது. அவள் முகர்ந்து பார்க்கவில்லை. எலிப் புழுக்கை, நூறு வருஷத்துக் கரி, செத்த குருவி, கூரைக்குள் குடியிருந்த பாஸம் என்ற மரப்பிராணியின் மூத்திரம் எல்லாம் ஊறிக் கெட்டிப்பட்டுப் போன குளிர் தடுக்கும் பழைய பஞ்சு அது. பல்லாரட் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தே ஆயுளைக் கழித்தவள் அவள். மனித உடம்பிலிருந்து வரக்கூடிய எல்லாவற்றையும் வாளியில் அள்ளிக் கொட்டியிருக்கிறாள். ஆனாலும் இவ்வளவு அசிங்கத்துக்கு அடியில்தான் இத்தனை காலமும் படுத்துத் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது மூட்டையைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை மூட்டை இருக்கு மெர்வ்?"

"எண்ணச் சொல்லாத நோல். எண்ணினா இப்படியே இறங்கி வீட்டப் பாக்கப் போயிடுவேன்."

சமையலறையிலிருந்து அவள் புருஷன் லெஸ் குரல் கொடுத்தான். "மூலையெல்லாம் நல்லா சுரண்டிட்டானான்னு கேளு. அவன் மூலையில கை வைக்கவே மாட்டான்."

"நீ வந்து சுரண்டேன்," என்றது கூரை.

லெஸ்ஸால் ஏற முடியாது என்பது மூவருக்கும் தெரியும். கூடத்திலிருந்து கழிப்பறைக்குப் போவதற்குள்ளேயே நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ரயில் பட்டறைப் புகையும் சிகரெட்டும் பாதி நுரையீரலைத் தின்றிருந்தன. மீதியைத் தின்றது அந்த வீடு. தங்கம் தோண்ட வந்தவர்கள் அவசரத்தில் அடித்து நிறுத்திய பலகை வீடு அது. தரைப் பலகை இடுக்கு வழியாகக் காற்று மேலே வரும். சுவர் இடுக்கு வழியாக வெளியே போகும். திரைச்சீலைகள் ஜன்னல் சாத்தியிருக்கும்போதே ஆடும். வரவேற்பறையில் ஒரு விறகுக் கணப்பு. அதன் முன்னால் உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும். போன குளிர்காலம் முழுக்க லெஸ் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். கடைசியாக அனுப்பி வைக்கும்போது அங்கிருந்த டாக்டர் பெண் நோலீனைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் விறகு எரிக்கக் கூடாது, குளிரும் ஈரமும் இருக்கக் கூடாது, இன்னொரு குளிர்காலம் இதே வீட்டில் இதே மாதிரி போனால் அவர் திரும்பி வரமாட்டார் என்று சொல்லிவிட்டாள்.

மெல்பர்னில் இருக்கும் மகள் தானியாவுக்கு இதைச் சொன்னதும், அவள் பல நாளாகச் சொல்லி வந்ததையே மறுபடி சொன்னாள். "அந்தக் கணப்பத் தூக்கிக் கடாசும்மா. மரத்தை வெட்டி எரிச்சு, பாதிச் சூடு கூரை வழியா ஆகாசத்துக்குத்தான் போகுது. முதல்ல ஓட்டையெல்லாம் அடைங்க, மேலயும் கீழயும் பஞ்சு வைங்க. அப்புறம் ஒரு சின்ன ஏசி போதும், சூடாக்கறதுக்கு." ஏசியையும் அவளே வாங்கி அனுப்பினாள்.

ஆள் வைத்துச் செய்யலாம் என்றாள் நோலீன். அண்ணன் தம்பி இருவரும் அவள் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரிப் பார்த்தார்கள். அந்த ஊரில் கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது வேலைக்கு வெளியாளைக் கூப்பிடுவது அவனை அவமானப்படுத்துவது. மெர்வ் தகரக் கூரை போட்டே பிழைத்தவன் வேறு. அதனால் சனி ஞாயிறுகளில் தன் பழைய வண்டியில் ஏணியையும் பையையும் போட்டுக்கொண்டு வந்தான். சத்தமில்லாமல் வேலை செய்வான். வேலை முடிந்ததும் லெஸ்ஸோடு உட்கார்ந்து கால்பந்து பார்ப்பான். பீர் குடிப்பான். நோலீன் சுட்டு வைக்கும் ஆட்டுக்கறியைச் சாப்பிடுவான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான்.

அழுக்கெல்லாம் போய், தரைக்கடியிலும் கூரைக்குள்ளும் புதுப் பஞ்சு வந்தது. கதவடிகளில் ரப்பர் பட்டை ஒட்டினான். ஜன்னல் சட்டங்களைச் சுற்றிப் பசை பீச்சினான். கணப்பைக் கழற்றி முற்றத்தில் வைத்தார்கள். லெஸ் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

மிச்சம் இருந்தது பாஸம் மட்டும்தான். பூனையளவு உடம்பும் புசுபுசுவென்ற வாலுமாக, கூரையின் தெற்கு மூலையில் உளுத்துப்போன பலகை வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது. பகலெல்லாம் தூங்கும். இருட்டினதும் வெளியே கிளம்பும். விடியுமுன் திரும்பி வந்து படுக்கையறைக்கு மேலே தொப்பென்று குதிக்கும். நோலீனுக்கு அதன்மேல் பாசமெல்லாம் கிடையாது. மேற்பலகையில் தேநீர் நிறத்தில் கறை போட்டு வைத்த ஜந்து அது. ஆனால் அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பாஸம் போகும் துளையைப் பகலில் அடைக்கக் கூடாது. துளை வாயில் மாவு தூவி வைத்து, காலடி வெளியே போயிருப்பதைப் பார்த்துவிட்டு, இருட்டில்தான் அடைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலையே மெர்வ் வந்து ஒரு கிண்ணம் மாவு கேட்டான். கொடுத்தாள். "இருட்டினப்புறம் அடை," என்று சொல்லியும் கொடுத்தாள். அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டதால் ஏணி ஏறி அடைக்க முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நோலீன் கடைக்குப் போய்க் காய்கறியும் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டமும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது பனிக்கடலிலிருந்து வரும் தெற்குக் காற்று காதை அறுத்துக்கொண்டிருந்தது. மெர்வ் ஏணியை மடித்துக்கொண்டிருந்தான். மூலையில் புதுத் தகரம் பளபளத்தது. அதைச் சுற்றி மஞ்சள் நுரை பிதுங்கி இறுகியிருந்தது.

"இப்பவேயா அடைச்சீங்க?"

"அது போயிடுச்சு," என்றான் லெஸ், போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் நின்றபடி. "மெர்வ் பாத்துட்டான்."

மெர்வ் ஏணியை வண்டியில் ஏற்றினான். கயிற்றை இறுக்கிக் கட்டினான். ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அன்று மாலை அந்த வீடு பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சூடானது. ஒரு மூலை மட்டுமல்ல, எல்லா இடமும். கூடத்தில் கால் வைத்தால் தரை கடிக்கவில்லை. லெஸ் கம்பளிக் குல்லாயைக் கழற்றி நாற்காலிமேல் போட்டான். "பாத்தியா நோல்," என்றான். மூன்று தடவை அதையே சொன்னான். அவளுக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷன் இந்த வருஷத்தைத் தாண்டிவிடுவான் என்று முதல் முறையாக நம்பினாள்.

படுத்த பிறகு மேலே பறண்டும் சத்தம் கேட்டது.

"லெஸ். அது உள்ளதான் இருக்கு."

"புதுத் தகரம்டி. குளிர்ல சுருங்குது."

"தகரத்துக்கு நகம் இருக்கா?"

"பஞ்சு அமுங்குற சத்தமா இருக்கும். தூங்கு."

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாள் லெஸ் டிவியைப் படுக்கையறைக்கு நகர்த்திக்கொண்டான். மூச்சுத் திணறலில் தூக்கம் வராத நேரம் பார்க்கலாமே என்றான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைத்தான். நோலீன் மெர்வுக்குப் போன் போட்டாள்.

"மாவு தூவினியா இல்லையா?"

"தூவினேன்."

"காலடி வெளிய போயிருந்துச்சா?"

மெர்வ் தொண்டையைச் செருமினான். "பாத்துக்கலாம் நோல். சரியாயிடும்."

சரியாயிடும். அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான். கூரை ஒழுகினாலும், கார் பிரேக் பிடிக்காவிட்டாலும், பெண்டாட்டி பெட்டியோடு கிளம்பினாலும் ஆண்பிள்ளைகள் இடுப்பில் கைவைத்து நின்று இதைச் சொல்வார்கள். சொல்லிவிட்டால் வேலை முடிந்த மாதிரி. நோலீனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"வந்து திறந்து விட்டுட்டுப் போ."

"முதுகு பிடிச்சுக்கிச்சு நோல். நிமிர முடியல."

வாரத்தின் நடுவில் பறண்டல் நின்றது. அவள் அதை எண்ணிப் பார்க்காமல் இருக்கப் பழகினாள். அதற்கப்புறம் நாற்றம் வந்தது.

முதலில் படுக்கையறை வாசலில் மட்டும் இருந்தது. லெஸ்ஸின் செருப்பாக இருக்கும் என்று செருப்பைத் துவைத்தாள். குளிர்பெட்டியைக் காலி செய்து துடைத்தாள். சாக்கடைத் துளையில் வெந்நீரும் சோடாவும் ஊற்றினாள். நாற்றம் ஒவ்வொரு அறையாகக் குடியேறியது. இனிப்பும் அழுகலும் கலந்து, நாக்கில் பசை மாதிரி ஒட்டும் நாற்றம். பழைய வீடாக இருந்தால் அந்தக் காற்று ஒரு நாளில் அடித்துக்கொண்டு போயிருக்கும். இப்போதோ மெர்வ் ஒரு இடுக்கு விடாமல் அடைத்திருந்தான். கூரைக்குள் இருந்தது கூரைக்குள்ளேயே வெந்து, விளக்குக் கம்பி போகும் துளை வழியாகக் கீழே இறங்கியது. ரொட்டியில் அந்த வாடை. தலையணை உறையில் அந்த வாடை. கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். அப்போதுதான் தன் தலைமுடியிலும் அது ஏறிவிட்டது என்று நோலீனுக்கு உறைத்தது. காலமெல்லாம் மற்றவர் அசிங்கத்தைக் கழுவியவளுக்கு இது தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து தலையை இரண்டு முறை அலசினாள்.

ஜன்னலைத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. லெஸ் இருமத் தொடங்கி, முகம் கருத்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு வளைந்தான். ஓடிப்போய்ச் சாத்தினாள். சாத்தினால் இவளுக்குக் குமட்டல், திறந்தால் அவனுக்கு மூச்சு இல்லை. அந்த வாரம் முழுக்க இதுதான் அவர்கள் குடித்தனம்.

"எனக்கு ஒண்ணும் நாறல," என்றான் லெஸ். அவன் மூக்கு சிகரெட்டில் எப்போதோ செத்துப் போயிருந்தது.

"உன் தம்பிக்கு அறிவிருக்கா? ஒரு ஜீவன உள்ள வச்சு அடைச்சிருக்கான். ஆட்டம் பாக்கற அவசரம்."

"அவன் சின்னதுலேர்ந்தே அப்படித்தான்," என்றான் லெஸ், சூப்பை ஊதிக்கொண்டே. "எதையும் முழுசா செய்ய மாட்டான். அப்பா எத்தனை தடவ பெல்ட்ட எடுத்திருக்காரு தெரியுமா."

"முதுகு வலியாம். வெக்கமா இருந்திருக்கும், அதான் வரல."

"இருக்கும்."

அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. திட்டுவதற்குத் துணை இருந்தால் பாதிக் கோபம் ஆறிவிடும். காலை தேநீரிலிருந்து ராத்திரி சாப்பாடு வரை இருவரும் சேர்ந்து மெர்வைப் பிய்த்துப் போட்டார்கள். தானியாவுக்குப் போன் செய்தபோதும் அதையே சொன்னாள். பின்னால் லெஸ், "சித்தப்பனப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே," என்று எட்டி நின்று சேர்த்தான்.

அடுத்த சனிக்கிழமை மெர்வ் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை காலை, நோலீன் படுக்கை விரிப்பை உதறும்போது வெள்ளையாக ஏதோ உருண்டது. அரிசி என்று நினைத்தாள். அது நெளிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். விளக்கைச் சுற்றியிருந்த விளிம்பிலிருந்து இன்னொன்று பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அது விழும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் போட்ட பழைய கையுறைகளைத் தேடி எடுத்தாள்.

மதியம் மெர்வின் வண்டி வந்து நின்றது. இறைச்சிப் பண்டம் வாங்கிக்கொண்டு, கண்ணை எங்கேயும் நிறுத்தாமல் உள்ளே வந்தான். மூக்கைச் சுளித்தான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். பறண்டல் நின்றபிறகு டிவி வரவேற்பறைக்கே திரும்பியிருந்தது, ஆட்டம் தொடங்கியிருந்தது.

"ஏணிய இறக்கு மெர்வ்," என்றாள் நோலீன்.

"நான் ஏறறேன் நோல்."

"உனக்குத்தான் முதுகு வலியாச்சே. ஏணிய மட்டும் வை."

கூடத்து மேற்பலகையில் இருந்த சதுரத் துளை வழியாக ஏறினாள். வாயில் துணி கட்டியிருந்தாள். முட்டி போட்டுக் குறுக்குக் கட்டைகள்மேல் நகர்ந்தாள். கை விளக்கு வெளிச்சத்தில் புதுப் பஞ்சு பிய்ந்து கிடந்தது, தெற்கு மூலை வரை ஒரு பாதை போட்ட மாதிரி. தகரத்தின் உள்பக்கம் நீளநீளமாகக் கீறல்கள். மஞ்சள் நுரையைக் கடித்துத் துப்பியிருந்தது. அதில் பழுப்பாக ரத்தம் காய்ந்திருந்தது. பாஸம் அந்த மூலையிலேயே, முகத்தைத் தகரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு கிடந்தது. உடம்பு அசைவது மாதிரி இருந்தது. உடம்பு அசையவில்லை, அதற்குள் இருந்தவை அசைந்தன. ஈக்கள் அவள் முகத்தில் வந்து மோதின.

அதன் கீழே கட்டைமேல் மாவு. மிதித்துக் கலைந்திருந்தாலும் அவள் சமையலறை மாவுதான். பொய் சொல்லவில்லை அவன், தூவித்தான் இருக்கிறான். தூவினவன் பார்க்காமலா இருந்திருப்பான்? தெரியாமல் அடைத்தவனை முட்டாள் என்று விட்டுவிடலாம். தெரிந்தே அடைத்திருக்கிறான். அவளுக்கு வாயில் கட்டிய துணிக்குள்ளேயே எச்சில் புளித்தது.

இரண்டு பைகளுக்குள் போட்டு முடிந்து, இறங்கி வந்து, டிவிக்கு முன்னால் பையை வைத்தாள். இருவர் கையிலும் இறைச்சிப் பண்டம். தக்காளி சாஸ் வழிந்துகொண்டிருந்தது.

"சாப்பிடற நேரத்துல ஏன் நோல்," என்றான் லெஸ்.

அவள் மெர்வைப் பார்த்துப் பேசினாள். "மாவு தூவியிருக்க. வெளிய போய்ட்டுத் திரும்பி உள்ள வந்த காலடியப் பாத்திருக்க. பாத்துட்டுத்தான் அடைச்சிருக்க. இல்லன்னு சொல்லு."

மெர்வ் பண்டத்தைத் தட்டில் வைத்தான். அண்ணனைப் பார்த்தான். அண்ணன் ஆட்டத்தைப் பார்த்தான்.

"ஆமா," என்றான் மெர்வ்.

"ஆமாவா? அவ்வளவுதானா? அது எத்தனை நாள் சுரண்டுச்சு தெரியுமா? நகம் பிஞ்சு சுரண்டியிருக்கு. நீ வீட்ல சுகமாப் படுத்துக்கிட்டு, சரியாயிடும்ங்கற. உன் கையால தண்ணி வாங்கிக் குடிக்கக்கூட எனக்கு அருவருப்பா இருக்கு மெர்வ். இனிமே இந்த வீட்டுக்கு வராத."

மெர்வ் எழுந்தான். விரல்களைத் துடைத்துக்கொண்டு, தட்டைச் சமையலறைத் தொட்டியில் வைத்துக் கழுவினான். தொப்பியை எடுத்துக்கொண்டு முன்கதவைத் திறந்தான். எதையோ சொல்ல வந்தவன்போல அங்கேயே நின்றான். குளிர் உள்ளே வந்தது.

"கதவ அடைடா," என்றான் லெஸ். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்க நின்னு யோசிச்சிக்கிட்டிருக்காத. குளிருதில்ல? அடைன்னா அடை."

மெர்வின் முகத்தை நோலீன் பார்த்தாள். அந்தக் குரலை, அந்தச் சொற்களை, ஏற்கெனவே ஒரு தடவை கேட்டுக் கீழ்ப்படிந்தவனின் முகம். அவன் கதவை அடைத்தான். ஓசையில்லாமல், ரப்பர் பட்டை படியும்படி.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் அவள் லெஸ் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னியா லெஸ்?"

"எதை?"

"அவன் ஏணி மேல நின்னு, உள்ள இருக்குன்னு சொல்லியிருக்கான். என்ன சொன்ன நீ?"

லெஸ் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். "இருட்டட்டும்னான். அதுக்கு இன்னும் அஞ்சாறு மணி நேரம் இருந்துச்சு. காத்து எப்படி அடிச்சுதுன்னு உனக்கே தெரியும். உதடு நீலமாயிடுச்சு எனக்கு. அடைன்னேன். ஒரு மிருகம்தானே நோல்."

"ராத்திரியெல்லாம் சுரண்டுனப்ப உனக்குத் தெரியும்."

"திறந்தா மறுபடி குளிரும்."

"அதுக்குத்தான் டிவியப் படுக்கையறைக்குத் தூக்கிட்டுப் போனியா?"

அவன் விரலிலிருந்த சாஸைத் துடைத்துக்கொண்டான்.

"குளிர்ல பண்ணிட்ட, சரி. பயத்துல பண்ணிட்ட. அதக்கூட நான் முழுங்கிடுவேன் லெஸ். ஆனா ரெண்டு வாரமா நான் அவனத் திட்டறேன், நீயும் எங்கூட சேர்ந்து திட்டற. சூப்ப ஊதிக்கிட்டே திட்டற. இப்ப உன் கண்ணு முன்னாடி அவன வெளிய போன்னு சொல்றேன். நீ கதவ அடைன்னு சொல்ற."

"அவன் ஒண்ணும் போட்டுக் கொடுக்க மாட்டான்," என்றான் லெஸ். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அவன் என் தம்பி."

நோலீனுக்கு அப்போது வந்த குமட்டல் கூரைக்குள் வந்ததைவிடப் பெரியது. பையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்க் குழி வெட்டினாள். தரை கெட்டியாக இருந்தது. கையுறைகளையும் சேர்த்தே புதைத்தாள்.

மறுநாள் மெர்வுக்குப் போன் போட்டு, தான் சொன்ன எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். "விடு நோல்," என்றான் அவன். "அவனுக்கு மூச்சு நல்லா இருக்கா?" அதைக் கேட்டதும் அவள் போனை வைத்துவிட்டாள்.

மூச்சு நல்லாத்தான் இருந்தது. கூரைக்குள் பஞ்சை மாற்றி, கட்டைகளை மருந்து போட்டுத் தேய்த்த பிறகு நாற்றமும் போயிற்று. நடுக்குளிர்காலமான ஜூலையில் முற்றம் முழுக்க வெண்பனி உறைந்து கிடந்த காலைகளில்கூட உள்ளே லெஸ் மேல்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு நடமாடினான். ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. பரிசோதித்த டாக்டர் பெண், என்ன செய்தீர்கள் என்று வியந்து கேட்டாள். தானியா வந்து அறை அறையாக நின்று பார்த்துவிட்டு, மின்சாரமும் கம்மி, புகையும் இல்லை, இந்தத் தெருவில் எல்லோரும் இப்படிச் செய்யணும் என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நோலீன் தேநீர் போட்டாள். சமைத்தாள். மருந்தை வேளைக்கு எடுத்து வைத்தாள். ஏசியின் வடிகட்டியைக் கழுவி மாட்டினாள். எதிலும் குறை வைக்கவில்லை.

படுக்கையை மட்டும் மாற்றிக்கொண்டாள். வீட்டின் பின்பக்கம், பழைய தாழ்வாரத்தைப் பலகையால் அடைத்து எடுத்த ஒரு சின்ன அறை இருந்தது. தையல் மெஷினும் பழைய பெட்டிகளும் கிடந்த இடம். அதற்குப் பஞ்சும் கிடையாது, பட்டையும் கிடையாது. பலகைக்கு நடுவே விரல் நுழையும். கட்டிலைப் போட்டு, இருக்கிற கம்பளியெல்லாம் குவித்து, சாயங்காலம் சாப்பாடு ஆனதும் அங்கே போய்விடுவாள்.

ஒரு நாள் லெஸ் அங்கே வந்தான். கூடத்தின் நீளம் முழுக்கச் சுவரைப் பிடிக்காமல், நடுவில் நிற்காமல் நடந்து வந்தான். வாசலில் நின்றபோது அவன் வாயிலிருந்து ஆவி பறந்தது.

"உள்ள வந்து படு நோல். இங்க செத்துப் போயிடுவ. காத்து ஊசியாக் குத்துது."

அவள் தலைமாட்டு ஜன்னலை இன்னும் கொஞ்சம் தூக்கித் திறந்துவிட்டாள்.

"இங்கதான் எனக்கு மூச்சு விட முடியுது," என்றாள்.